மொட்டை மாடில காத்தாடி வச்சா கரண்ட் வருமா? வாசகர் கேள்வி பதில்

சோலார் பத்தி எழுதினதுல இருந்து வர்ற கேள்வில பாதிக்கு மேல காத்தாடி பத்திதான் இருக்கு, "வெயில் பகல்ல மட்டும்தான, காத்து ராத்திரியும் அடிக்குதே"ன்னு எல்லாருக்கும் ஒரே நேரத்துல தோணிருக்கு போல. அதனால இந்த தடவை முழுக்க காத்தாடிதான்.

கேள்வி: சார், 1 மீட்டர் விட்டத்துல ஒரு குட்டி காத்தாடி, "1000 வாட்"னு போட்டு ஆன்லைன்ல விக்கிறாங்க. மொட்டை மாடில மாட்டிட்டா ஃபிரிட்ஜ், ஃபேன், தண்ணி மோட்டார் எல்லாம் ஓடிடுமா? என் மருமகன் வாங்கியே தீருவேன்னு நிக்கிறார்.

பதில்: மருமகன்கிட்ட ரெண்டு நாள் டைம் கேளுங்கம்மா, அதுக்குள்ள இதைப் படிக்கக் குடுங்க.

காத்தாடி எவ்வளவு கரண்ட் குடுக்கும்ங்கறதை மோட்டார் மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் முடிவு பண்றதில்ல, இறக்கை சுத்துற வட்டம் எவ்வளவு பெருசு, அதுக்குள்ள வர்ற காத்து என்ன வேகம், இது ரெண்டுதான் முடிவு பண்ணுது. அதுலயும் வேகம்தான் ராஜா. ஏன்னா வேகத்தை மூணு தடவை அதாலயே பெருக்கணும், காத்து வேகம் ரெண்டு மடங்கானா சக்தி 8 மடங்கு, மூணு மடங்கானா 27 மடங்கு. கேக்க ஜாலியா இருக்கும், ஆனா இதே கணக்கு கீழ்ப்பக்கமும் வேலை செய்யும், வேகம் பாதியானா சக்தி எட்டுல ஒண்ணு ஆயிடும். நம்மள மாதிரி ஆளுங்களைக் கவுக்குறது இந்தக் கீழ்ப்பக்கம்தான்.

இப்ப உங்க 1 மீட்டர் காத்தாடிய எடுத்துக்குவோம். வட்டத்தோட பரப்பு 0.785 சதுர மீட்டர். வினாடிக்கு 12 மீட்டர்னு காத்து அடிக்குதுன்னு வைங்க, அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர், குடை பிடிச்சுட்டு நடக்கவே கஷ்டப்படுற காத்து. அப்பக்கூட அந்த வட்டத்துக்குள்ள போற காத்துல மொத்தமா இருக்கிற சக்தியே சுமார் 830 வாட்தான். முழுசா உறிஞ்சினாலும் 1000 வராது! முழுசா உறிஞ்சவும் முடியாது, காத்தை மொத்தமா நிறுத்திட்டா பின்னாடி வர்ற காத்து போக வழி எங்க? எப்படிப்பட்ட இறக்கையா இருந்தாலும் 59.3 சதவீதத்துக்கு மேல எடுக்க முடியாதுன்னு ஆல்பர்ட் பெட்ஸ்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி 100 வருஷத்துக்கு முன்னாடியே கணக்கு போட்டு வச்சிட்டார், இன்னைக்கும் அதை யாரும் தாண்டல. சின்ன காத்தாடி நிஜத்துல 25, 30 சதவீதம் எடுத்தாலே நல்ல காத்தாடி. ஆக அந்தப் புயல் மாதிரி காத்துலயும் 250 வாட்டுக்கு மேல எதிர்பார்க்காதீங்க.

சரி, அந்தக் காத்து தினமும் அடிக்குமா? சாதாரணமா வீட்டு மேல அடிக்கிற வினாடிக்கு 4 மீட்டர் காத்துல இதே காத்தாடி எவ்வளவு தரும்னு பாத்தா சுமார் 8 வாட். ஃபிரிட்ஜ் இல்லம்மா, ஒரு எல்இடி பல்பு. விளம்பரத்துல விட்டத்தையும் வாட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்தாலே பாதிக் கடை மூடிடும்.

கேள்வி: எங்க வீட்டு மாடில காயப்போட்ட துணி பறந்து அடுத்த தெருவுக்கே போகுது அண்ணே. இவ்வளவு காத்து இருக்கிற இடத்துல கூட காத்தாடி வேலை செய்யாதுன்னா நம்ப முடியலையே?

பதில்: தம்பி, இதே நியாயத்தை நானும் பேசினவன்தான். பல வருஷம் முன்னாடி 400 வாட் காத்தாடி ஒண்ணை வாங்கி மாடி கைப்பிடிச் சுவர்லயே இரும்புப் பைப் வச்சு மாட்டினேன், மாட்டின அன்னைக்கு சாயங்காலம் பூரா நாற்காலி போட்டு உக்காந்து வேடிக்கை பாத்தேன். அது சுத்தின நேரத்தை விட "எந்தப் பக்கம் திரும்பலாம்"னு யோசிச்சிட்டு இருந்த நேரம்தான் ஜாஸ்தி. வடக்கே பாக்கும், கிழக்கே பாக்கும், கிறுகிறுன்னு ஒரு முழுச் சுத்து சுத்தி மறுபடியும் வடக்கே பாக்கும். காத்து வர்ற பக்கம் திருப்பி விடுற வால்ல ஏதோ கோளாறுன்னு கழட்டிப் பாத்தேன், வால் நல்லாத்தான் இருந்துச்சு.

விஷயம் என்னன்னா துணியை இழுத்துட்டுப் போறதுக்கு ஒரு வீச்சு காத்து போதும், காத்தாடிக்கு ஒரே திசைல விடாம வர்ற காத்து வேணும். வீடு ஒரு பெட்டி மாதிரி நிக்குது, காத்து வந்து சுவர்ல மோதி மேல ஏறி மாடி விளிம்புல பிச்சுக்கிட்டுப் போகுது, அந்த விளிம்புக்குப் பின்னாடி, அதாவது நம்ம நிக்கிற இடத்துல, காத்து சுழிச்சுக்கிட்டே இருக்கும், சில நேரம் எதிர்த் திசைல கூட ஓடும். ஆத்துல பாறைக்குப் பின்னாடி தண்ணி சுழியுறதைப் பாத்திருப்பீங்கல்ல, அதேதான். அதுக்கு மேல பக்கத்து வீடு, தண்ணி டேங்க், மரம்னு ஒவ்வொண்ணும் தன் பங்குக்குக் கலக்கி விடும். ஒரு தடுப்போட உயரத்தைப் போல 20 மடங்கு தூரம் வரைக்கும் அந்தக் கலக்கல் பின்னாடி போகும்ங்கிறாங்க, மேல்பக்கம் ரெண்டு மடங்கு உயரம் வரைக்கும் இருக்கும். 10 மீட்டர் வீடுன்னா 200 மீட்டர் தூரத்துக்கு! சுத்தி வீடுங்க இருக்கிற தெருவுல சுத்தமான காத்துக்கு எங்க போறது?

அதனாலதான் இந்தத் தொழில்ல இருக்கிறவங்க ஒரு விதி வச்சிருக்காங்க, 150 மீட்டர் சுத்துவட்டத்துல இருக்கிற எல்லாத்தையும் விட இறக்கையோட கீழ் நுனி குறைஞ்சது 9 மீட்டர் உயரத்துல இருக்கணும். அதை மொட்டை மாடில செய்யணும்னா ஒரு செல்போன் டவர் கட்டணும், கட்டடம் அதைத் தாங்காது.

செலவில்லாம ஒரு சோதனை சொல்றேன். ஒரு நீளக் கம்புல அரை அரை மீட்டருக்கு ஒண்ணா ரிப்பன் கட்டி மாடில நிறுத்துங்க. எல்லா ரிப்பனும் ஒரே பக்கமா நீட்டிக்கிட்டு நின்னா சரி. ஒண்ணு கிழக்கயும் ஒண்ணு மேற்கயும் ஆட்டம் போட்டா காத்தாடிக்கு அங்க வேலை இல்ல. வேகத்துக்கு மரத்தைப் பாருங்க, 1805ல பிரிட்டிஷ் கடற்படைல இருந்த பியூஃபோர்ட் போட்ட அளவுகோலை அடிப்படையா வச்சு நிலத்துக்கும் அடையாளம் வச்சிருக்காங்க. இலை மட்டும் சலசலத்தா வினாடிக்கு 3 மீட்டருக்குள்ள, இலையும் குச்சியும் விடாம ஆடிக்கிட்டே இருந்தா 3.4ல இருந்து 5.4, தூசியும் பேப்பரும் கிளம்பி சின்னக் கிளைங்க ஆடினா 5.5ல இருந்து 8. தூசி கிளம்புற காத்து வருஷத்துல பாதி நாள் இருந்தா எனக்கு எழுதுங்க, அப்ப பேசலாம்.

கேள்வி: எல்லாம் கணக்காவே சொல்றீங்க. நிஜமா வீட்டு மேல மாட்டி யாராவது அளந்து பாத்திருக்காங்களா?

பதில்: நல்லா கேட்டீங்க. பிரிட்டன்ல வார்விக் காத்து சோதனைன்னு ஒண்ணு நடந்துச்சு, கட்டடங்கள் மேல மாட்டின 26 டர்பைனை, அதான் நம்ம காத்தாடியை, அளந்து 2009ல ரிப்போர்ட் போட்டாங்க. ரிப்பேராகி நின்ன நாளையும் சேர்த்துப் பாத்தா சராசரியா ஒரு டர்பைன் ஒரு நாளைக்கு 214 வாட் அவர் குடுத்திருக்கு. அதாவது ஒரு 9 வாட் எல்இடி பல்பை நாள் பூரா எரிய விடலாம், அவ்வளவுதான். வருஷத்துக்கு 78 யூனிட். நின்ன நாளையெல்லாம் கழிச்சுட்டுப் பாத்தாலும் வருஷத்துக்கு 230 யூனிட்தான் வருது. இத்தனைக்கும் பிரிட்டன் காத்துக்குப் பேர் போன நாடு. அதுலயே நல்லா ஓடின ஒண்ணுக்கும் மோசமா ஓடின ஒண்ணுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், உயரமான கட்டடத்து மேல இருந்தது பிழைச்சுது, வீட்டு மேல இருந்தது படுத்துருச்சு.

இன்னொரு கொடுமை இருக்கு, காத்து இல்லாத நேரத்துல காத்தாடி கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துற இன்வெர்ட்டர் சும்மா முழிச்சுக்கிட்டு நிக்கிறதுக்கே லைன்ல இருந்து கரண்ட் எடுக்கும். 5 வாட்னு வச்சாலும் வருஷத்துக்கு 44 யூனிட் வரைக்கும் ஆச்சு. 78 சம்பாதிச்சு 44 செலவு பண்ற பிள்ளையை வீட்டுல என்ன சொல்லுவோம்?

நெதர்லாந்துல ஸேலாண்ட் மாகாணத்துல 2008 ஏப்ரல்ல இருந்து 2009 மார்ச் வரைக்கும் பல கம்பெனி காத்தாடிங்களை ஒரே திறந்தவெளில வரிசையா நட்டு அளந்தாங்க, சராசரி காத்து வினாடிக்கு 3.8 மீட்டர். 1 மீட்டர் விட்டத்துல அழகா பந்து மாதிரி இருந்த ஒண்ணு ஒரு வருஷத்துல 73 யூனிட் குடுத்துச்சு. 5 மீட்டர் விட்டத்துல இருந்த ஒண்ணு 2,691 யூனிட். அதே வயல், அதே காத்து. விட்டம்தாங்க எல்லாம், டிசைன் அழகு இல்ல.

பெரிய கட்டடங்கள்ல மட்டும் வச்சிருக்காங்களேன்னு அடுத்து கேப்பீங்க. பஹ்ரைன் வேர்ல்ட் டிரேட் சென்டர்ல ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல பாலம் போட்டு 29 மீட்டர் விட்டத்துல 3 டர்பைன் மாட்டிருக்காங்க, கடல் காத்தை நடுவுல குவிக்கிற மாதிரியே ரெண்டு கோபுரத்தையும் வடிவமைச்சாங்க, அது கட்டடத்தையே காத்தாடிக்காகக் கட்டினது. லண்டன்ல ஸ்ட்ராட்டான்னு ஒரு டவர், 2010ல முடிஞ்சது, உச்சில மூணு ஓட்டை போட்டு 3 டர்பைன், ஆனா அது சுத்துறதைப் பாக்குறதே அபூர்வம்னு அந்த ஊர்க்காரங்க கிண்டல் பண்றாங்க.

கேள்வி: செங்குத்தா நிக்கிற மாடல் எந்தத் திசைக் காத்தா இருந்தாலும் சுத்துமாமே, அப்ப மாடிக்கு அதானே சரி?

பதில்: பாதி உண்மை. வெர்டிகல் மாடலுக்கு திரும்பிப் பாக்குற வேலை இல்ல, அதனால என் காத்தாடி மாதிரி தலை சுத்தாது. ரெண்டு வகை இருக்கு. பீப்பாயை ரெண்டாப் பிளந்து எதிரும் புதிருமா வச்ச மாதிரி இருக்கிறது சவோனியஸ், பின்லாந்துக்காரர் ஒருத்தர் கண்டுபிடிச்சது, கொஞ்சம் காத்துலயே கிளம்பிடும் ஆனா காத்துல இருந்து எடுக்கிறது ரொம்பக் கம்மி. முட்டை அடிக்கிற விஸ்க் மாதிரி இருக்கிறது டாரியஸ், பிரெஞ்சு இன்ஜினியர் பேர்ல வந்தது, இது கொஞ்சம் நல்லா எடுக்கும் ஆனா தானா கிளம்ப அடம் பிடிக்கும், ஒவ்வொரு சுத்துலயும் இறக்கை மேல விசை மாறி மாறி விழுறதால ஆட்டமும் ஜாஸ்தி.

ஆனா அடிப்படைல ஒரு கேள்விதான். மாடி மேல காத்து கம்மி, கலங்கின காத்து. கலங்கின காத்தை சமாளிக்கிற மெஷினை வாங்கினா கலக்கல் பிரச்சினை குறையலாம், காத்து கம்மிங்கிற பிரச்சினை எங்க போச்சு?

கேள்வி: ஃபேக்டரி கூரைல எல்லாம் வெள்ளியா பளபளன்னு உருண்டை ஒண்ணு சுத்துதே, அது எவ்வளவு கரண்ட் தருது?

பதில்: ஒரு வாட் கூட இல்ல. அது டர்போ வென்டிலேட்டர், உள்ள இருக்கிற சூட்டை வெளிய உறிஞ்சி விடுறது. இந்தக் கேள்வி வாரம் ஒண்ணு வருது.

கூடவே வந்த இன்னொரு கேள்விக்கும் இங்கயே சொல்லிடறேன், ஏசி அவுட்டோர் யூனிட் முன்னாடி காத்தாடி வச்சா அந்தக் காத்துல கரண்ட் எடுக்கலாமான்னு. எடுக்கலாம், ஏசி ஃபேன் அதுக்கு ஜாஸ்தி கஷ்டப்படும், சூடு சரியா வெளிய போகாது, கம்ப்ரஸர் கூட நேரம் ஓடும், பில்லு ஏறும். உங்க வலது பாக்கெட்ல இருந்து எடுத்து இடது பாக்கெட்ல போட்டுட்டு நடுவுல கொஞ்சம் கீழ சிந்துற கதை.

கேள்வி: மேல் வீட்டுக்காரர் மாடில காத்தாடி வச்சதுல இருந்து ராத்திரி எங்க பெட்ரூம் சீலிங்ல "ஊம்ம்ம்"னு ஒரு சத்தம். வெளிய வந்து நின்னா சத்தமே இல்லங்கிறார் அவர். எனக்குத்தான் காதுல கோளாறா?

பதில்: உங்க காது நல்லா இருக்குங்க, அவர் சொல்றதும் பொய் இல்ல. இறக்கை சத்தம் காத்து வழியா வருது, அது வெளிய கம்மியா இருக்கலாம். உங்களுக்குக் கேக்குறது அதிர்வு, கம்பம் வழியா இறங்கி கான்கிரீட்டுக்குள்ள போய் உங்க சீலிங்கையே ஸ்பீக்கர் ஆக்கிடுது. கித்தார் கம்பி தனியா தட்டினா கேக்காது, பெட்டியோட சேர்ந்தாத்தான் கேக்கும், அந்த மாதிரி. அதுவும் காத்தாடி ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வரும்போது கம்பம் தானா ஆடுற வேகமும் அதுவும் ஒண்ணாச்சுன்னா அதிர்வு எக்கச்சக்கமா ஏறும், அதனால உங்களுக்கு எப்பவும் இல்லாம குறிப்பிட்ட காத்துல மட்டும் சத்தம் வரும், கவனிச்சுப் பாருங்க.

கம்பத்துக்கு அடில ரப்பர் மவுண்ட் போடச் சொல்லுங்க, கொஞ்சம் குறையும், முழுசா போகாது. கம்பத்தை சுவர்ல இருந்து எடுத்து தூண் மேல, பீம் மேல மாத்தினா இன்னும் கொஞ்சம் குறையும். ஒரு ராத்திரி பிரேக் போட்டு நிறுத்தச் சொல்லி நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தே உங்க ரூம்ல உக்காந்து கேளுங்க, சண்டை அங்கயே முடிஞ்சிரும். சத்தத்தை விட எனக்கு சுவர் பத்திதான் கவலை, வருஷக்கணக்கா ஆட்டிக்கிட்டே இருந்தா ஆணி அடிச்ச இடத்துல விரிசல் விட்டு தண்ணி இறங்கும். என் கைப்பிடிச் சுவர் அப்படித்தான் போச்சு.

கேள்வி: நான் பாலிடெக்னிக் படிக்கிறேன் சார். பழைய கார் ஆல்டர்னேட்டர் ஒண்ணு கிடைச்சிருக்கு, பிவிசி பைப்ல இறக்கை வெட்டி ப்ராஜெக்ட் பண்ணலாம்னு இருக்கேன். ஓகேவா?

பதில்: ப்ராஜெக்ட் பண்ணு தம்பி, ஆனா கார் ஆல்டர்னேட்டரைத் தூக்கிப் போட்டுடு. அது கார் பேட்டரியை சார்ஜ் பண்ண, இன்ஜின் கூட பெல்ட் போட்டு நிமிஷத்துக்கு 2000 சுத்துக்கு மேல ஓடுறதுக்காக செஞ்சது. 2 மீட்டர் காத்தாடி வினாடிக்கு 4 மீட்டர் காத்துல நிமிஷத்துக்கு சுமார் 230 சுத்துதான் சுத்தும். கியர் வச்சு ஏத்தலாம்னா கியரே இருக்கிற சக்தியைத் தின்னுடும். அதை விடப் பெரிய சங்கடம், அதுக்குள்ள காந்தம் நிரந்தரக் காந்தம் இல்ல, ஃபீல்ட் காயிலுக்கு 3, 4 ஆம்பியர் நீ குடுத்தாத்தான் காந்தமே ஆகும், 12 வோல்ட்ல அது 40 வாட். அந்தக் காத்துல உன் காத்தாடி மொத்தமா சம்பாதிக்கிறதே 30 வாட். புரியுதா?

ஸ்காட்லாந்துல ஸ்கோரைக்னு கரண்ட் லைனே போகாத ஒரு ஊர், அங்க இருந்துக்கிட்டு ஹ்யூ பிகாட்னு ஒருத்தர் 1970கள்ல இருந்து வீட்டுலயே காத்தாடி செஞ்சிட்டு இருக்கார், அவரோட டிசைனை உலகம் பூரா பண்றாங்க. பழைய கார் வீல் ஹப்பும் பேரிங்கும், ரெண்டு இரும்புத் தட்டுல நியோடிமியம்ங்கிற ரொம்ப சக்தியான காந்தம், நடுவுல ரெசின்ல வார்த்த காயில், மரத்துல செதுக்கின இறக்கை. கியர் கிடையாது, மெதுவா சுத்தினாலே வோல்டேஜ் வரும். காந்தத்தை ஒட்டும்போது மட்டும் விரலைப் பத்திரமா வச்சுக்கோ, ரெண்டு தட்டும் ஒட்டிக்கிட்டா நடுவுல இருக்கிற விரல் உன்னோடது இல்ல.

கேள்வி: புயல் வந்தா வயரைக் கழட்டி விட்டா போதுமா?

பதில்: ஐயோ, அது மட்டும் வேணாம்! ஃபேன் சுவிட்ச் ஆஃப் பண்ற பழக்கத்துல எல்லாரும் இதைத்தான் செய்றாங்க. காத்தாடியைப் பிடிச்சு வச்சிருக்கிறதே அது இழுக்கிற லோடுதான், பேட்டரியைக் கழட்டினா கயிறு அறுந்த காளை மாதிரி ஓடும். சாதாரணமாவே வினாடிக்கு 12 மீட்டர் காத்துல இறக்கை நுனி மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்துல போகும், லோடு இல்லன்னா அதுக்கும் மேல, அப்புறம் இறக்கை பிச்சுக்கிட்டு யார் வீட்டு ஜன்னல்ல போய் விழும்னு சொல்ல முடியாது.

பேட்டரி நிறைஞ்சாக்கூட இதே ஆபத்துதான், அதனாலதான் மிச்ச கரண்டை சூடா எரிச்சுத் தள்ளுற டம்ப் லோடுன்னு ஒண்ணு கட்டாயம் வேணும். சோலார் கண்ட்ரோலரை காத்தாடிக்குப் போடாதீங்க, அது பேட்டரி நிறைஞ்சதும் பேனலை வெட்டி விடும், பேனலுக்கு அது ஓகே, காத்தாடிக்கு அது எமன். நிறுத்தணும்னா காத்து அடங்கியிருக்கிற நேரம் பாத்து காத்தாடில இருந்து வர்ற மூணு பேஸ் வயரையும் ஒண்ணா ஷார்ட் பண்ற பிரேக் சுவிட்சைப் போடணும், புயல் ஏறின பிறகு போட்டா காயில் கருகலாம். நல்ல மாடல்ல காத்து ஜாஸ்தியானா தலையே பக்கவாட்டுல திரும்பிக்கிற மாதிரி வால் வச்சிருப்பாங்க, வாங்கும்போது இதைத்தான் முதல்ல கேக்கணும், வாட்டை இல்ல.

கேள்வி: வீட்டுக்குக் காத்தாடி கரண்ட் எடுத்த முதல் ஆள் யாரு?

பதில்: ஜேம்ஸ் ப்ளைத், ஸ்காட்லாந்து பேராசிரியர். 1887ல தன்னோட லீவு வீட்டுத் தோட்டத்துல துணிப் பாய் கட்டின காத்தாடி போட்டு பேட்டரி சார்ஜ் பண்ணி விளக்கு எரிச்சார். மிச்ச கரண்ட்ல ஊர்த் தெருவுக்கு விளக்கு போட்டுத் தரேன்னாராம், இது பிசாசு வேலைன்னு ஊர்க்காரங்க வேணாம்னுட்டாங்களாம். அடுத்த வருஷமே அமெரிக்காவுல க்ளீவ்லண்ட்ல சார்ல்ஸ் பிரஷ் தன் மாளிகைக்கு 17 மீட்டர் விட்டத்துல 144 இறக்கையோட ஒண்ணு கட்டினார். அவ்வளவு பெருசுல கிடைச்சது 12 கிலோவாட். கவனிங்க, ரெண்டு பேருமே வீட்டு மேல வைக்கல, தரைலதான் நட்டாங்க.

கேள்வி: நாங்க இருக்கிறது மலைச்சரிவுல, சுத்தி வெறும் புல்வெளி, கரண்ட் லைன் வரல. சோலார் போட்டிருக்கோம், மழை மாசத்துல மூணு நாலு நாள் இருட்டாவே கிடக்கும், ஆனா அப்பதான் காத்து பேய் மாதிரி அடிக்கும். எங்களுக்கும் வேணாம்தானா?

பதில்: உங்களுக்காகத்தான் காத்தாடியைக் கண்டுபிடிச்சதே! வெயில் இல்லாத மாசத்துல காத்து, காத்து இல்லாத மாசத்துல வெயில், ரெண்டும் ஒரே பேட்டரிக்குன்னா அதை விட நல்ல ஜோடி இல்ல. ஆனா வீட்டு மேல வேணாம், வீட்டை விட்டுத் தள்ளி, மேட்டுல, சுத்திலும் கம்பி போட்டு இழுத்துக் கட்டின கம்பத்துல நடுங்க. அடில கீல் வச்சு படுக்க வைக்கிற மாதிரி கம்பம் போடுங்க, பேரிங், போல்ட் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாக்கணும், ஒவ்வொரு தடவையும் 15 மீட்டர் ஏற உங்க வீட்டுல ஆள் இருக்காது. சோலார் மாதிரி மாட்டிட்டு மறந்துடலாம்னு நினைக்காதீங்க, இது சுத்துற மெஷின், தேயும்.

வாங்குறதுக்கு முன்னாடி அதே உயரத்துல காத்து வேகத்தை அளந்து பதிவு பண்ற அனிமோமீட்டர் ஒண்ணை வச்சு முடிஞ்சா ஒரு வருஷம், இல்லன்னா அந்த மழை மாசங்களாவது அளங்க. சராசரியை மட்டும் எழுதி வச்சா பத்தாது, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பதிவாகணும். ஏன்னா நாள் பூரா 4 மீட்டர் அடிக்கிறதும், பாதி நாள் 2 பாதி நாள் 6 அடிக்கிறதும் சராசரில ஒண்ணுதான், ஆனா மூணு தடவை பெருக்கிப் பாருங்க, முதல் கணக்கு 64, ரெண்டாவது 8ம் 216ம் சேர்ந்து சராசரி 112, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கரண்ட். உங்க மலைக் காத்து ரெண்டாவது வகையா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. அளந்த ஃபைலை அனுப்பி வைங்க, எத்தனை மீட்டர் விட்டம் எடுக்கலாம்னு சேர்ந்தே கணக்கு போடுவோம்.